மூன்று பாட்டில், ஒரே மருந்து

குழந்தையின் காய்ச்சல் மருந்துக்கு வேண்டிய கணக்கை நாம் எல்லோரும் ஆறாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். மருந்துக்கடை கவுன்டரில் அது ஏன் கை கொடுப்பதில்லை?

தென்சென்னைப் புறநகரான கீழ்க்கட்டளையில் ஏதாவது ஒரு மருந்துக்கடையில் ‘குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து’ என்று கேட்டால், பெரும்பாலும் மூன்றில் ஒரு பாட்டில் கைக்கு வரும். முதலாவது டிராப்ஸ். 15 மி.லி. கொண்ட குட்டி பாட்டில். கூடவே ஒரு டிராப்பர் இருக்கும். அதில் ஒவ்வொரு 1 மி.லி.யிலும் 100 மி.கி. பாரசிட்டமால். இரண்டாவது சாதாரண சிரப். 60 மி.லி. பாட்டில், 5 மி.லி.க்கு 125 மி.கி.; சில கம்பெனிகளில் 120. மூன்றாவதும் 60 மி.லி. பாட்டில்தான். அட்டைப்பெட்டியும் கிட்டத்தட்ட அதே மாதிரி. பெயருக்குப் பின்னால் மட்டும் ‘250’ என்றோ ‘டிஎஸ்’ என்றோ போட்டிருக்கும். அதில் 5 மி.லி.க்கு 250 மி.கி.

மூன்றும் ஒரே மருந்து. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. என்று டாக்டர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டிராப்ஸ் என்றால் 1.5 மி.லி. போதும். சாதாரண சிரப் என்றால் 6 மி.லி. வேண்டும். டிஎஸ் என்றால் 3 மி.லி. ஆனால் நம் வீடுகளில் கை பழகிய அளவு ஒன்றே ஒன்றுதான்: ‘அஞ்சு எம்எல்’. மூன்று பாட்டிலிலிருந்தும் அதையே ஊற்றிப் பாருங்கள். முதலாவதில் 500 மி.கி. போகிறது. இரண்டாவதில் 125. மூன்றாவதில் 250. ஒரே குழந்தை, ஒரே காய்ச்சல், ஒரே மூடி. உள்ளே போன மருந்தில் மட்டும் நான்கு மடங்கு வித்தியாசம்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். மி.லி. என்பது திரவத்தின் அளவு. மருந்தின் அளவு மி.கி.யில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் வரி பாட்டிலின் லேபிளில் சின்ன எழுத்தில் அச்சாகி இருக்கிறது. அந்த வரியைப் படிக்காமல் ‘எத்தனை எம்எல்?’ என்று கேட்பதும், படிக்காமல் பதில் சொல்வதும் நம் ஊரில் அன்றாடம் நடக்கிறது. இது மாற வேண்டும். மாற்றுவது கடினமும் இல்லை.

மூன்று கை மாறும் மருந்து

கீழ்க்கட்டளை போன்ற புறநகரில் இந்தப் பிரச்சினைக்குத் தனி வடிவம் உண்டு. பல்லாவரம் நகராட்சியோடு இருந்த ஊர், 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதற்குள் வந்தது. ஒரு பக்கம் மடிப்பாக்கம், ஒரு பக்கம் கோவிலம்பாக்கம், நடுவே பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலை. அந்தச் சாலை வழியாகக் காலையில் ஓ.எம்.ஆர். கம்பெனிகளுக்குக் கிளம்பும் அப்பா, அம்மா இருவரும் திரும்பி வர இருட்டிவிடும். மேடவாக்கம் மெயின் ரோட்டில் மெட்ரோ வேலை ஆரம்பித்த பிறகு இன்னும் தாமதம். குழந்தை டாக்டர்களின் கிளினிக்குகளில் கூட்டம் சேருவதும் மாலை ஆறு மணிக்கு மேல்தான்.

ஆகவே, மருந்து கை மாறுகிறது. காலை வேளை மருந்தை அம்மா கொடுக்கிறார். மதிய வேளையைப் பாட்டி பார்த்துக்கொள்கிறார். ராத்திரி வேளை அப்பாவிடம் போகிறது. டாக்டர் ‘3 மி.லி.’ என்று எழுதியது அம்மாவின் வாயில் ‘பாதி மூடிக்குக் கொஞ்சம் மேலே’ ஆகி, பாட்டியிடம் போய்ச் சேரும்போது ‘ஒரு மூடி’ ஆகிவிடுகிறது. பத்து மணிக்குக் கொடுத்ததை யாரும் எழுதி வைப்பதில்லை. பன்னிரண்டு மணிக்கு நெற்றி சுடுகிறதே என்று இன்னொரு வேளை உள்ளே போகிறது.

பாட்டிகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கணக்கு அவர்களுக்குத் தெரியும். உரை மருந்து கொடுத்து வளர்த்தவர்கள் அவர்கள். உரைகல்லில் வசம்பையும் ஜாதிக்காயையும் கடுக்காயையும் உரசும்போது, பச்சைக் குழந்தைக்கு ஒரு உரசு, மாதம் ஏற ஏற உரசும் ஏறும் என்று வைத்திருந்தார்கள். அது விகிதக் கணக்கேதான். குழந்தை வளர்ந்தால் அளவும் வளர வேண்டும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்துத் தெரிந்ததல்ல. ஆனால் உரைகல்லில் உரசும் ஜாதிக்காய்க்கு டிராப்ஸ், சிரப், டிஎஸ் என்று மூன்று வீரியம் கிடையாது. பாட்டிலில் வரும் மருந்துக்கு உண்டு. இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

மாலை ஏழு மணிக்கு மேல் மருந்துக்கடை ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றால் இப்படி ஒரு பேச்சு காதில் விழும்.

“அண்ணா, பாப்பாவுக்கு ஜுரம். போன தடவ குடுத்தீங்களே, அதே சிரப் குடுங்க.”

“அது ஸ்டாக் இல்லக்கா. இது இருக்கு. அதே மருந்துதான், கம்பெனிதான் வேற.”

“எவ்ளோ குடுக்கணும்?”

“அஞ்சு எம்எல் குடுங்க. ஆறு மணி நேரத்துக்கு ஒருவாட்டி.”

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. கம்பெனி வேறு, மருந்து ஒன்று என்பதும் உண்மை. ஆனால் இந்தப் பேச்சில் பாப்பாவின் எடை வரவில்லை. பாட்டிலின் வீரியமும் வரவில்லை. போன தடவை வாங்கியது 125-ஆ, இப்போது கைக்கு வந்தது 250-ஆ என்பது இருவருக்குமே தெரியாது. முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் என்று மலிவு விலைக் கடைகள் வந்திருப்பது நல்ல விஷயம். தமிழக அரசு 2025 பிப்ரவரி 24 அன்று 1000 முதல்வர் மருந்தகங்களை ஒரே நாளில் திறந்தது. விலை குறைந்த மருந்துக்கு மாறத் தயங்க வேண்டியதில்லை. மாறும்போது ‘5 மி.லி.யில் எத்தனை மி.கி.?’ என்ற வரியை மட்டும் பழைய பாட்டிலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

பாரசிட்டமாலுக்குக் குழந்தை டாக்டர்கள் வைத்திருக்கும் அளவு, ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவே குறைந்தது நான்கு மணி நேரம். ஆறு மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது. 24 மணி நேரத்தில் நான்கு வேளையைத் தாண்டக் கூடாது. மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம். நேராக டாக்டரிடம் போக வேண்டும்.

முதல் வேலை எடை. வீட்டில் குழந்தைக்கென்று தராசு இல்லாவிட்டாலும் பெரும்பாலான மருந்துக்கடை வாசலில் எடை மெஷின் உண்டு. அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறினால் 62.4 கிலோ. அப்பாவிடம் கொடுத்துவிட்டுத் தனியாக ஏறினால் 54. குழந்தையின் எடை 8.4 கிலோ.

இரண்டாவது, மருந்தின் அளவு. 8.4 × 15 = 126 மி.கி.

மூன்றாவது, அதைத் திரவமாக மாற்றுவது. பாட்டிலில் 5 மி.லி.க்கு 125 மி.கி. என்று இருந்தால், 125 மி.கி.க்கு 5 மி.லி. என்றால் 126 மி.கி.க்கு எத்தனை மி.லி.? 126-ஐ 5-ஆல் பெருக்கி 125-ஆல் வகுத்தால் 5.04. அதாவது 5 மி.லி. இந்தக் குழந்தைக்கு இந்த பாட்டிலில் கடைக்காரர் சொன்ன ‘அஞ்சு எம்எல்’ கச்சிதமாகச் சரி. இதே குழந்தைக்கு 250 பாட்டில் என்றால் 2.5 மி.லி. டிராப்ஸ் என்றால் சுமார் 1.25 மி.லி.

அலகு முறை பிடித்தவர்கள் வேறு வழியிலும் போகலாம். 5 மி.லி.யில் 125 என்றால் 1 மி.லி.யில் 25 மி.கி. டிஎஸ் பாட்டிலில் 1 மி.லி.யில் 50. டிராப்ஸில் 100. வேண்டிய மி.கி.யை இந்த எண்ணால் வகுத்தால் தீர்ந்தது. 25, 50, 100 என்ற மூன்று எண்ணும் மனதில் நின்றுவிட்டால் நள்ளிரவில் காகிதமே தேவைப்படாது.

அடுத்த வருடம் அதே குழந்தை 11 கிலோ ஆகிவிடும். 11 × 15 = 165 மி.கி. 125 பாட்டிலில் 6.6 மி.லி. அப்போதும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் பழைய சீட்டைப் பார்த்து 5 மி.லி. கொடுத்தால் காய்ச்சல் எதிர்பார்த்த அளவு இறங்காமல் போகலாம். ‘மருந்து கேக்கல’ என்று சொல்லிப் பல பேர் இங்கேதான் இன்னொரு மருந்தைச் சேர்க்கிறார்கள். தவறு மருந்தில் இல்லை, பழைய எடையில் இருக்கிறது.

எதிர்ப்பக்கத் தவறு இன்னும் மோசம். 8.4 கிலோ குழந்தைக்கு, சிரப் என்று நினைத்து டிராப்ஸ் பாட்டிலிலிருந்து 5 மி.லி. ஊற்றினால் ஒரு வேளைக்கு 500 மி.கி. இது ஒரு பெரியவர் போட்டுக்கொள்ளும் மாத்திரையின் அளவு. நாளைக்கு நான்கு வேளை போனால் 2000 மி.கி.; கிலோவுக்குச் சுமார் 238. ஒரு நாளில் கிலோவுக்கு 150 மி.கி.யைத் தாண்டினாலே கல்லீரல் பாதிப்பை நினைத்துச் சிகிச்சை யோசிக்க வேண்டிய கட்டம். பாரசிட்டமால் பாதுகாப்பான மருந்துதான், அளவுக்குள் இருக்கும் வரை. கைக்கு அடக்கமாக இருப்பதால் டிராப்ஸ் பாட்டில் ‘லேசான’ மருந்து என்று பல வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. உண்மையில் மூன்றில் அதுதான் மிகவும் அடர்த்தியானது. கைக்குழந்தையால் அதிகம் குடிக்க முடியாது என்பதற்காகத்தான் கொஞ்சம் திரவத்தில் நிறைய மருந்தை வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கணக்குக்குப் பெரிய படிப்பு தேவையில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் ஆறாம் வகுப்பில் ‘விகிதம் மற்றும் விகித சமம்’ இருக்கிறது. ஏழாம் வகுப்பில் ‘நேர் மற்றும் எதிர் விகிதங்கள்’. எடை கூடினால் மி.லி. கூடும், அது நேர் விகிதம். வீரியம் கூடினால் மி.லி. குறையும், அது எதிர் விகிதம். முதல் பாதியில் நாம் யாரும் தவறுவதில்லை. குழந்தை பெரியதாக இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம் என்று எல்லோருக்கும் தோன்றுகிறது. தவறு நடப்பதெல்லாம் இரண்டாவது பாதியில். ‘பவர் ஜாஸ்தி’ பாட்டில் என்றால் குறைவாக ஊற்ற வேண்டும் என்பது மனதுக்குத் தானாகத் தோன்றுவதில்லை. தெரிந்த மூன்றை வைத்துத் தெரியாத நான்காவதைக் கண்டுபிடிக்கும் விதியை ஆரியபட்டர் கி.பி. 499-இலேயே எழுதி வைத்துவிட்டார். வேலையாட்களையும் நாட்களையும் வைத்து அதைச் சொல்லிக் கொடுக்கும் நாம், ஒரு சிரப் பாட்டிலை வைத்தும் சொல்லிக் கொடுக்கலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் தம்பிக்கோ தங்கைக்கோ வேண்டிய மருந்தைச் சரிபார்க்க அந்த ஒரு பாடம் போதும்.

ஸ்பூன் என்ற பேராபத்து

கணக்கு சரியாகவே வந்துவிட்டாலும் அளக்கும் கருவி தவறினால் எல்லாம் வீண். ‘ஒரு டீஸ்பூன்’ என்று எழுதும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. மருத்துவத்தில் அதற்கு 5 மி.லி. என்று பொருள். சமையலறையில் அதற்கு அப்படி ஒரு பொருளும் கிடையாது. கிரேக்க நாட்டில் 25 பெண்களின் வீடுகளிலிருந்து டீஸ்பூன்களைச் சேகரித்து அளந்த ஆய்வு ஒன்று 2010-இல் வெளிவந்தது. 2.5 மி.லி. கொண்ட டீஸ்பூனும் இருந்தது, 7.3 மி.லி. கொண்டதும் இருந்தது. ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசம். நம் வீட்டு எவர்சில்வர் ஸ்பூன்களை அளந்தாலும் முடிவு இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். காபிக்கு ஒரு ஸ்பூன், ஊறுகாய்க்கு ஒன்று, கல்யாணத்தில் வந்த செட்டில் ஒன்று.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் ஒரு முடிவெடுத்தது: திரவ மருந்தை மி.லி.யில் மட்டுமே எழுத வேண்டும், ஸ்பூன் என்ற சொல்லே வேண்டாம். அடுத்த வருடம் அங்கே 2110 பெற்றோர்களை மருந்து அளக்கச் சொல்லிப் பார்த்தார்கள். ஐந்தில் நான்கு பேருக்கு மேல் குறைந்தது ஒரு தடவையாவது தவறினார்கள். ஐந்தில் ஒருவர் ஒரு தடவையாவது இரண்டு மடங்குக்கும் அதிகமாக ஊற்றிவிட்டார். மூடி போன்ற கப்பில் அளந்தவர்கள், ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்தவர்களைவிட மிக அதிகமாகத் தவறினார்கள். அளவு சிறியதாக இருக்கும்போது கப்பின் தவறு இன்னும் கூடியது. படித்தவர், படிக்காதவர் என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை. கருவிதான் மாற வேண்டும்.

கருவி மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே கசப்பான ஓர் உதாரணம் உண்டு. 2001 நவம்பரில் அசாமில் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் கொடுக்கும் பெரிய முகாம் நடந்தது. அந்தத் திரவத்தில் 1 மி.லி.க்கு 1 லட்சம் யூனிட். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு 2 மி.லி., அதாவது 2 லட்சம் யூனிட். அதுவரை அதற்கென்று 2 மி.லி. ஸ்பூன் இருந்தது. அந்த முகாமில் அதற்குப் பதில் 5 மி.லி. கப் வந்தது. ஸ்பூனை நிரப்பிக் கொடுத்துப் பழகிய கை, கப்பையும் நிரப்பினால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். நூற்றுக்கணக்கான குழந்தைகள் வாந்தி, தலைவலி என்று மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். சில குழந்தைகள் இறந்ததாகவும் செய்தி வந்தது; அந்த இறப்புகளுக்கு வைட்டமின்தான் காரணமா என்பதில் பெரும் சர்ச்சை நடந்தது. ஊழியர்கள் எண்ணைத் தவறாகப் படித்தார்கள் என்று இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கையில் இருந்த பாத்திரம் மாறியது.

அதனால் சிரிஞ்ச் வாங்குங்கள். ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்ச் எந்த மருந்துக்கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அதில் ஒவ்வொரு மி.லி.க்கும் நடுவே சின்னக் கோடுகள் இருக்கும், ஒரு மி.லி. ஐந்தாகப் பிரிந்திருந்தால் ஒரு கோடு 0.2 மி.லி. 2.6 மி.லி. வேண்டுமென்றால் இரண்டைத் தாண்டி மூன்றாவது கோடு. கறுப்பு ரப்பரின் எந்த விளிம்பைப் பார்ப்பது என்று குழப்பம் வரும். சிரிஞ்சின் வாய்ப்பக்கம் இருக்கும் விளிம்புதான் அளவு. காற்றுக்குமிழி இருந்தால் தட்டி வெளியேற்றிவிட்டு மறுபடி பாருங்கள். குழந்தையின் கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தொண்டைக்கு நேராகப் பீய்ச்சினால் புரையேறும். சிரிஞ்சின் நுனியில் குட்டி மூடி இருந்தால் முதலிலேயே கழற்றித் தூக்கிப் போட்டுவிடுங்கள், அது குழந்தையின் தொண்டையில் போய்ச் சிக்கக்கூடிய அளவு. பாலாடையில் கொடுத்துத்தான் பழக்கம் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். சிரிஞ்சில் அளந்து பாலாடையில் ஊற்றுங்கள். பாலாடையையே அளவாக வைக்காதீர்கள். அதேபோல் ஒரு மருந்தின் டிராப்பரை இன்னொரு மருந்தில் விடவே கூடாது. சில டிராப்பர்களில் கோடு அந்தந்த மருந்துக்கென்றே போடப்பட்டிருக்கும்.

பொடியில் தண்ணீர் ஊற்றும்போது

ஆன்டிபயாடிக் ட்ரை சிரப் இன்னொரு கதை. இங்கே மருந்தின் வீரியத்தை முடிவு செய்வதே நம் கைதான். பாட்டிலில் பொடி இருக்கும். லேபிளிலோ கண்ணாடியிலோ ஒரு குறி இருக்கும். கொதித்து ஆறிய தண்ணீரை, அல்லது பெட்டியிலேயே வரும் தண்ணீரை, அந்தக் குறி வரை நிரப்ப வேண்டும். ‘30 மி.லி. குறி வரை’ என்பதும் ‘30 மி.லி. தண்ணீர்’ என்பதும் ஒன்றல்ல, ஏனென்றால் பொடியும் இடம் பிடிக்கும். முதலில் பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்து, பாதி ஊற்றி நன்றாகக் குலுக்கி, நுரை அடங்கக் காத்திருந்து, பிறகு குறி வரை நிரப்ப வேண்டும். நுரையையே குறி என்று நினைத்து நிறுத்திவிட்டால் மருந்து அடர்த்தியாகிவிடும். ஒரு வேளைக்கு அதிகமாகப் போகும். ஐந்து நாள் மருந்து நான்காம் நாளே தீரும். தண்ணீர் அதிகமானால் நீர்த்துப் போன மருந்தோடு கிருமி பிழைத்துக்கொள்ளும். ஒவ்வொரு வேளையும் குலுக்காமல் ஊற்றினால் முதல் நாட்களில் மேலே நிற்கும் தெளிந்த நீர், கடைசி நாட்களில் அடியில் தங்கிய மருந்து. விகிதம் எவ்வளவு சரியாகப் போட்டிருந்தாலும் குலுக்காத பாட்டில் அதைப் பொய்யாக்கிவிடும்.

இங்கேயும் இரட்டை வீரியம் உண்டு. அமாக்சிசிலின்–கிளாவுலனேட் சிரப் 5 மி.லி.க்கு 228.5 என்றும் 457 என்றும் வருகிறது. அந்த எண் இரண்டு மருந்தின் கூட்டுத்தொகை: 200-உம் 28.5-உம், 400-உம் 57-உம். அசித்ரோமைசின் 100, 200 என்று இரு வகை. சீட்டில் 200 எழுதியிருக்க, கையில் 100 கிடைத்தால், மி.லி. இரட்டிப்பாக வேண்டும் என்பதைக் கடைக்காரர் தன் பேனாவால் பெட்டியின் மேலேயே எழுதித் தர வேண்டும்.

லேபிளில் இன்னொரு வரி

ஐப்பசி, கார்த்திகை மழையில் கீழ்க்கட்டளை ஏரியும் நாராயணபுரம் ஏரியும் நிரம்பிப் பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் இறங்கும் நாட்களில், தென்சென்னைப் புறநகர் கிளினிக்குகளில் பெஞ்ச் காலியாக இருப்பதில்லை. டெங்கு சந்தேகம் இருக்கும் காய்ச்சலில் இபுபுரூஃபன், மெஃபனமிக் ஆசிட் போன்றவை கூடாது, ரத்தக்கசிவு கூடும். கடையில் கிடைக்கும் சில காய்ச்சல் சிரப்புகளில் பாரசிட்டமாலும் இபுபுரூஃபனும் சேர்ந்தே இருக்கின்றன. பெயரைப் பார்த்தால் தெரியாது. உட்பொருள் வரியைப் பார்த்தால்தான் தெரியும்.

சளி சிரப் விஷயத்திலும் இதே சிக்கல். 2025 அக்டோபரில் தமிழ்நாட்டையே தலைகுனிய வைத்த கோல்ட்ரிஃப் சிரப்பை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் ஸ்ரீசன் பார்மா தயாரித்த அந்த மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனை சொன்னது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம். மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்தக் குழந்தைகளின் பெற்றோர் எத்தனை கச்சிதமாக அளந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது. அது அரசும் கம்பெனியும் பதில் சொல்ல வேண்டிய குற்றம். இந்தக் கட்டுரையின் கணக்கை அதோடு கலக்கக் கூடாது. ஆனால் அந்த லேபிளில் அறிவிக்கப்பட்டிருந்த உட்பொருட்களைக் கவனியுங்கள்: பாரசிட்டமால், ஃபினைலெஃப்ரின், குளோர்பெனிரமின். சளிக்கென்று வாங்கும் இப்படிப்பட்ட சிரப்பிலும் பாரசிட்டமால் இருக்கிறது. காய்ச்சலுக்கு ஒரு பாட்டில், சளிக்கு ஒரு பாட்டில் என்று இரண்டையும் கொடுக்கும் வீட்டில், குழந்தைக்கு ஒரே மருந்து இரண்டு முறை போகிறது. கிலோ கணக்கு போட்ட அம்மாவுக்கும் அது தெரியாது. அந்தச் சம்பவத்தை ஒட்டி மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபர் 3 அன்று விட்ட அறிவுரையில், இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்தே எழுத வேண்டாம் என்றும் ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்றும் சொல்லியிருந்தது. ஆகவே, சின்னக் குழந்தை உள்ள வீட்டில் அந்த இரண்டாவது பாட்டிலுக்கு இடமே இல்லை.

யார் என்ன செய்யலாம்

டாக்டர்களிடம் கேட்பது ஒரே ஒரு கூடுதல் வரி. ‘சிரப் 5 மி.லி.’ என்பதற்குப் பதில், ‘எடை 8.4 கிலோ; பாரசிட்டமால் 125 மி.கி./5 மி.லி.; ஒரு வேளைக்கு 5 மி.லி.’ என்று எழுதட்டும். எடை எழுதியிருந்தால் ஆறு மாதம் கழித்து அந்தச் சீட்டு காலாவதி ஆகிவிட்டது என்று வீட்டிலேயே தெரிந்துவிடும். மருந்தின் மூலப்பெயரைப் படிக்கும்படியாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-லேயே விதி போட்டுவிட்டது. அரை மி.லி. என்றால் 0.5 என்று முன்னால் பூஜ்யம் போட வேண்டும், ‘.5’ என்று எழுதினால் புள்ளி மறைந்து 5 ஆகிவிடும். ஐந்து மி.லி. என்றால் 5 என்று நிறுத்த வேண்டும், ‘5.0’ என்று எழுதினால் அது 50 ஆகும்.

மருந்துக்கடைக்காரர்களிடம் கேட்பது, ‘எத்தன கிலோ?’ என்ற ஒரு கேள்வி. கூடவே குழந்தை மருந்தோடு ஒரு சிரிஞ்ச். கவுன்டரில் நிற்பவர் பார்மசி படித்தவராக இருந்தால் இந்தக் கணக்கு அவருக்கு அத்துப்படி. படித்தவர் கடையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த மாலை நேரக் கூட்டத்தில் அவர் கவுன்டரில் இருக்க வேண்டும் என்பதுதான் நம் எதிர்பார்ப்பு.

அரசிடம் கேட்பது பெரியது. அமெரிக்காவில் குழந்தைகளுக்கான பாரசிட்டமால் திரவத்தில் டிராப்ஸ் ஒரு வீரியம், சிரப் ஒரு வீரியம் என்று இருந்ததால் குழப்பம் வந்தது. 2011-இல் தயாரிப்பாளர்கள் எல்லாவற்றையும் 5 மி.லி.க்கு 160 மி.கி. என்ற ஒரே வீரியத்துக்குக் கொண்டுவர முடிவு செய்தார்கள். இங்கேயும் அது முடியும். முடியாது என்றால், குறைந்தபட்சம் மூன்று வீரியத்துக்கும் மூன்று நிறப் பெட்டி, வீரிய எண் பெயரின் அளவுக்கே பெரிய எழுத்தில், தமிழிலும். கிராமப்புற அங்கன்வாடிக்குப் போகும் இரும்புச்சத்து சிரப்பில் 1 மி.லி. மட்டும் வெளியே வரும்படி பாட்டிலுக்கே அளவி வைத்துக் கொடுக்கத் தெரிந்த நாடு இது. காய்ச்சல் மருந்துக்கும் அந்தக் கவனம் வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது, ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள். குழந்தையின் எடை, எடை பார்த்த தேதி, பாட்டிலின் பெயர், அதன் வீரியம், ஒரு வேளைக்கு எத்தனை மி.லி. கீழே, கொடுத்த நேரத்தைக் குறிக்க இடம். பாட்டிக்குச் சின்ன எழுத்து தெரியாவிட்டால் சிரிஞ்சிலேயே அந்தக் கோட்டில் மார்க்கர் பேனாவால் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். பாட்டில் மாறினால் வட்டத்தை அழித்துப் புதிதாகப் போட வேண்டும்.

ஒருவேளை அளவு மீறிப் போய்விட்டால், அல்லது நடக்கத் தொடங்கிய குழந்தை பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டால், குழந்தை விளையாடிக்கொண்டுதானே இருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது. 60 மி.லி. டிஎஸ் பாட்டிலில் மொத்தம் 3000 மி.கி. இருக்கிறது. பாரசிட்டமால் அளவு மீறினால் முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. கல்லீரல் பாதிப்பு வெளியே தெரிய ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். இதற்கு மாற்று மருந்து இருக்கிறது. அசிட்டைல்சிஸ்டீன் என்று பெயர். எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்றாக வேலை செய்யும். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். 104-ஐ அழைத்தால் ஆலோசனை கிடைக்கும். 108-இல் ஆம்புலன்ஸ் வரும். பக்கத்து அரசு மருத்துவமனையோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையோ, எங்கே போனாலும் அந்த பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை மி.லி. குறைந்திருக்கிறது, 5 மி.லி.க்கு எத்தனை மி.கி., குழந்தை எத்தனை கிலோ, கடைசியாகக் கொடுத்தது எத்தனை மணிக்கு: அங்கே கேட்கப்போகும் முதல் நான்கு கேள்விகள் இவைதான்.